வீட்டுப் பெண் என்றால் சம்பளம் வேண்டாமா?

(வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் புறப்படும் பெண்களுக்காகக் கீழ்வேளூரில் கூட்டப்பட்ட கூட்டத்தில் செய்த பேச்சு)



குவைத்துக்குப் பிள்ளை பார்க்கவும் சமைக்கவும் போகிற பெண்களுக்கு ஏதாவது யோசனை சொல்லவேண்டுமென்று என்னை அழைத்திருக்கிறீர்கள். எனக்கு முன் பேசிய நண்பர், புறப்பட நல்ல நாள் பார்க்கவேண்டுமென்றார். ஏஜெண்டு கொடுத்த காகிதத்தை ஒரு தரம்கூட வாசிக்காதவர்கள் பஞ்சாங்கத்தை மூன்று தரம் புரட்டுகிறார்கள். சம்பளப் பாக்கியைப் பஞ்சாங்கமா வசூலித்துக் கொடுக்கும்?

"உன்னை வீட்டுப் பெண் மாதிரி வைத்துக்கொள்வார்கள்" என்கிறான் ஏஜெண்டு. இந்தப் பேச்சு தஞ்சைச் சீமைக்குப் புதியதா? பண்ணையாளையும் "நம் வீட்டுப் பிள்ளை" என்று சொல்லிச் சொல்லித்தானே கூலியைக் குறைத்தார்கள்! பண்ணையாள் பாதுகாப்புக்கு 1952ல் சட்டமே போடவேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் 1968ல், இதோ பக்கத்திலுள்ள வெண்மணியில், கூலித் தகராற்றில் 44 உயிர் தீயில் போயிற்று.

வெள்ளைக்காரத் துரைசானிகள் கப்பலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து ஆயாக்களை அழைத்துப் போனார்கள். கப்பலில் அவள் குழந்தைக்குத் தாய். லண்டனில் கரை இறங்கியதும் யாரோ! திரும்பிவர வழியில்லாமல் விடப்பட்ட ஆயாக்களுக்காக அங்கே ஹாக்னியில் ஒரு விடுதியே நடந்தது. அந்தக் கட்டடத்தில் 2022ல் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவிலோ, அயல்நாட்டுக் குடும்பத்தில் தங்கிக் குழந்தை பார்த்துக்கொண்டே பாஷை கற்கும் பெண்ணுக்கு "ஓ பேர்" என்று பெயர். பிரெஞ்சில் "சமமாக" என்று அர்த்தம். பெயரிலேயே சமத்துவம் இருந்தும் அவர்கள் பெயரை நம்பவில்லை. 1969ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒப்பந்தம் எழுதி, பொதுவாக நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு முழுநாளாவது ஓய்வு என்று வைத்தார்கள். குவைத்தின் 2015ஆம் வருஷச் சட்டத்திலும் வார ஓய்வு உண்டு. வேலை நேரம் மட்டும் 12 மணி வரை! அவளுக்கு ஐந்து, நம்மவளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டுக்கு மேல் முடியாது என்று சொல்லவாவது நமக்குத் தெரியவேண்டாமா? சம்மதமில்லாமல் பாஸ்போர்ட்டை எஜமான் வைத்துக்கொள்ளக் கூடாதென்றும் அதே சட்டம் சொல்லுகிறது.

போய்வந்த இப்பக்கத்துப் பெண் ஒருத்தி சொன்னாள்: முதல் மாதம் பட்டினியைவிடப் பாஷை தெரியாததுதான் கொடுமையாம். குழந்தை அரபியில் அழும். இவள் தமிழில் சமாதானம் சொல்லுவாள். பிறகு அந்த மூன்று வயதுக் குழந்தையிடமே தண்ணீர், உப்பு, வலி என்று ஒவ்வொரு சொல்லாகக் கற்றுக்கொண்டாள். பழைய சோற்றை நினைத்துச் சில ராத்திரி அழுததும் உண்டாம். "கலாஸ்", அதாவது போதும் என்கிற சொல்லைத்தான் கடைசியில் கற்றேன் என்றாள். முதலில் கற்றிருக்கவேண்டிய சொல் அது!

இரண்டாம் வருஷம் சம்பளம் நின்றது, திரும்பிவிட்டாள். ஊர் என்ன கேட்டது? ஆண்பிள்ளை பாதியில் திரும்பினால் "ஏஜெண்டு ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். பெண்பிள்ளை திரும்பினால் "என்னவோ நடந்திருக்கிறது" என்கிறோம். இந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அடி வாங்கிக்கொண்டும் அங்கேயே கிடக்கிறார்கள். எஜமான் பூட்டுகிற கதவு ஒன்று. நாம் இங்கே பூட்டி வைத்திருக்கும் கதவு இன்னொன்று.

முப்பது வயது நிரம்பாத பெண்களை வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப நமது சர்க்கார் அனுமதிப்பதில்லை. "டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிறேன்" என்று எவனாவது சொன்னால் அவனை வாசலோடு அனுப்புங்கள். சம்பளம் உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும். புருஷன் கணக்கு வேண்டாம். (சிரிப்பு). ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் இப்போதே இங்கு கொண்டுவாருங்கள்; ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது, உட்கார்ந்து வாசித்துச் சொல்லுகிறேன்.