மிச்சக் காசில் வாங்குவதா கேபினட்?



முதன்முதலாக வீட்டில் கணினி கட்டுகிறவர் கேபினட்டை முதலிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமா, மற்றதையெல்லாம் வாங்கியபின் மிஞ்சிய பணத்தில் வாங்கினால் போதுமா? இதுதான் இன்றைய வழக்கு. மிஞ்சியது போதும் என்று எதிரணித் தலைவர் வாதாடினார். "கணக்குப் போடுவது பிராசசர், படம் காட்டுவது கிராபிக்ஸ் கார்டு, நினைவில் வைப்பது ராம். கேபினட் என்ன செய்கிறது? சும்மா நிற்கிறது" என்றார். கைதட்டலும் வாங்கினார்.

நடுவர் அவர்களே, அது சும்மா நிற்கவில்லை. அதைச் சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

செகந்திராபாத்தில், பாரடைஸ் பக்கம் பார்க் லேனில் இருக்கும் செனாய் டிரேட் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். சுருக்கமாகச் சிடிசி என்றால் நம் ஊரில் கணினி கட்டுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு, டெல்லிக்காரர்களுக்கு நேரு பிளேஸ், ஹைதராபாத்காரர்களான நமக்கு அந்தக் கட்டடம். அங்கே விற்கிற பிராசசரும் ஸ்வீடனில் விற்கிற பிராசசரும் ஒன்றுதான். ராம் ஒன்றுதான். எஸ்எஸ்டி ஒன்றுதான். அவற்றை எந்த ஊர்க்காரர் பரிந்துரைத்தாலும் நம்பி வாங்கலாம். கேபினட் அப்படி இல்லை. அது எந்த ஊர் வெயிலில், எந்த அறையில், எந்தத் தரையில் நிற்கப்போகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். வீட்டைப் பார்த்து வாங்க வேண்டிய பொருளை, பையில் மிஞ்சியதைப் பார்த்து வாங்கலாமா? எங்கள் அணியின் கேள்வி இது ஒன்றுதான்.

முதலில் வெயிலை எடுத்துக்கொள்வோம். மே மாதம் நம் ஊரில் 40 டிகிரி அடிப்பது யாருக்கும் புதுச் செய்தி அல்ல. ஏசி இல்லாத மாடி அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு 36 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்குள் இருக்கும் விசிறி குளிர்ந்த காற்றை உண்டாக்காது. அறையில் இருக்கும் காற்றை உள்ளே இழுக்கும், உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். அதற்கு மேல் அதற்குச் சக்தி இல்லை. வேலை செய்யும் பிராசசர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றால், 22 டிகிரி அறையில் அது 72. நம் அறையில் 86. இன்டெல்லின் மேசைக் கணினிப் பிராசசர்கள் பல, 100 டிகிரியை எட்டினால் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு அந்த எல்லை 95. இன்டெல்லின் 100 டிகிரியை வைத்துப் பார்த்தால், குளிர்நாட்டுக்காரருக்கு எல்லைக்கு முன் இன்னும் 28 டிகிரி கையிருப்பு இருக்கிறது. நமக்கு இருப்பது 14. அந்தப் பதினான்கையும் காற்றுப் புகாத ஒரு கேபினட் தின்றுவிட்டால் என்ன மிஞ்சும்?

மிச்சக் காசில் கையில் சிக்கும் கேபினட்டுகள் பல எப்படி இருக்கின்றன? முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. ஓரத்தில் விரல் நுழையாத சந்து. உள்ளே வண்ண விளக்கோடு மூன்று விசிறி. கடையில் பார்க்கக் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அந்த மூன்று விசிறியும் மூடிய கண்ணாடிக்குப் பின்னால் சுற்றுகின்றன. இழுக்கக் காற்று இல்லை. நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டு மூச்சுத் திணறி, சத்தம் போட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுகிறது. எதிரணியினரே, கேபினட்டில் மிச்சம் பிடித்ததாகச் சொன்னீர்களே ஆயிரத்து ஐநூறு, அதை அந்தக் கார்டின் வேகத்தில் தினமும் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்!

"சூடானால் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்போம்" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். நம் வீடுகளில் நடக்கிற காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்து என்ன வருகிறது என்று அவர் சொல்லவில்லை. தூசி வருகிறது. இந்த நகரம் இன்று எழும்பிக்கொண்டே இருக்கிறது. கோகாபேட், நார்சிங்கி, நானக்ராம்குடா பக்கம் பாறையை உடைத்துத்தான் அடித்தளம் போடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசி பிராசசர் கூலரின் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோலப் படிந்தால், எந்த டேபிள் ஃபேனும் சூட்டை எடுக்காது. மழைக்காலத்தில் விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். மின்சாரம் ஓடும் பலகையில் பல்லி ஏறினால் பல்லியும் போகலாம், பலகையும் போகலாம். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், சுழலும் விசிறியைத் திறந்து வைக்க எந்தத் தாய் சம்மதிப்பார்?

நல்ல கேபினட் இதற்கு வழி வைத்திருக்கிறது. முன்பக்கம் வலை. வலைக்குப் பின்னால், இழுத்துக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளும் விசிறிகளைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்படி வைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்று உயர்ந்து நிற்கும். சந்துபொந்துகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும். தூசிக்கு வடிகட்டியைத் தவிர வேறு வாசல் கிடைக்காது. இது கேபினட் செய்கிற வேலை. சும்மா நிற்கிற பொருள் செய்கிற வேலையா இது?

அடுத்து, தரையும் சுவரும். நம் வீடுகளில் தரை டைல்ஸ் அல்லது கிரானைட். இன்றைய கேபினட்டுகள் பலவற்றில் பக்கக் கதவு டெம்பர்ட் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும்படி செய்யப்பட்டது. நடுவில் கையால் தட்டினால் தாங்கும். கதவைக் கழற்றி டைல்ஸ் தரையில் ஓரம் படும்படி நிறுத்தினால், ஒரு சின்ன இடி போதும், மொத்தமும் சில்லுச்சில்லாகிவிடும். செராமிக் அவ்வளவு கடினமானது. வீட்டுத் தரையை நினைத்துப் பார்த்து வாங்குகிறவர் தகடுக் கதவு வாங்குவார், அல்லது கழற்றிய கதவைப் போர்வையில் படுக்க வைக்கப் பழகியிருப்பார். மிச்சக் காசில் வாங்குகிறவருக்கு அந்த யோசனைக்கு நேரம் எங்கே?

சுவரில் இருக்கும் பிளக்கைப் பாருங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் மூன்றாவது துளை இருக்கும், அதற்குள் எர்த் கம்பி இருக்காது. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் கேபினட்டின் உலோகத்தோடு இணைந்தவை. எர்த் இல்லாவிட்டால் அந்த உலோகத்தில் ஏறக்குறைய பாதி வோல்டேஜ், 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியதுதான், ஆனாலும் வெறுங்காலோடு தொட்டால் சுரீர் என்றிருக்கும். கேபினட் என்பது கணினியின் எர்த் பாதை. உள்ளே ஏதாவது பழுதாகி உலோகத்தில் மின்சாரம் ஏறினால் அதைத் தரைக்குக் கொண்டுபோகிற வழி அதுதான். முதல் கணினி கட்டுகிற பிள்ளை கேபினட்டைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால் சுவரில் எர்த் இருக்கிறதா என்றும் பார்ப்பான். அந்த ஒரு பார்வை வீட்டுக்கே நல்லது.

கேபினட் உயிரில்லாத பெட்டி என்பவர்களுக்கு ஓர் உண்மையை நினைவூட்டுகிறேன். என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற சிறிய கேபினட் 2020இல் வந்தது. கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் ரைசர் பலகையைக் கேபினட்டோடு பிடித்திருந்த இரண்டு உலோகத் திருகுகள் ஷார்ட் சர்க்யூட் உண்டாக்கித் தீப்பிடிக்க வைக்கக்கூடும் என்று தெரிந்து, 2021இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 32,000 கேபினட்டுகளைத் திரும்பப் பெற அறிவித்தார்கள். பிராசசரில் குறை இல்லை, கார்டில் குறை இல்லை. கேபினட்டின் இரண்டு திருகு! இதற்குப் பிறகும் அதைக் கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வீர்களா?

இப்போது அளவுக்கு வருகிறேன். ஏடிஎக்ஸ் மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. கேபினட் எதை ஏற்கும் என்று முதலில் தெரிய வேண்டும். பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் இன்று 300 மில்லிமீட்டரைத் தாண்டுகின்றன. உயரமான ஏர் கூலர் 160 மில்லிமீட்டர் அளவில் நிற்கிறது, நாக்டுவா என்எச்-டி15 போன்றவை 165. கேபினட் தாளில் 320 மில்லிமீட்டர் கார்டு பிடிக்கும் என்று எழுதியிருக்கலாம். முன்பக்கம் தண்ணீர்க் குளிர்விப்பானும் அதன் விசிறியும் வைத்தால் அதில் 50 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும், 270கூட மிஞ்சாது. கார்டை வாங்கிப் பெட்டியைப் பிரித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? சுவர் எழுப்பிப் பூசி முடித்தபின் ஜன்னலுக்கு இடம் தேடுகிற கதைதான்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. கையில் கடைசியாக இரண்டாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் பையன் எதை எடுக்கிறான்? எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்து வருகிற கேபினட்டை. லேபிளில் 450 வாட் என்று எழுதியிருக்கும். அந்த வாட்டை உண்மையில் கொடுக்குமா என்று சோதித்துச் சொல்ல அதன்மேல் எந்தச் சான்றும் இருக்காது. கேபினட்டைக் கடைசியில் தள்ளியதால் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்து தரம் இறங்குகிறது. மொத்தக் கணினிக்கும் மின்சாரம் கொடுக்கிற பொருள் அது. ஒரு தவறான வரிசை, இரண்டு உறுப்புகளைக் கெடுக்கிறது.

"வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்?" என்று எதிரணி உருக்கமாகக் கேட்டது. நியாயமான கேள்வி, மனசார மதிக்கிறேன். அந்தப் பிள்ளைக்காகத்தான் நானும் பேசுகிறேன். கேபினட்டில் பணத்தைக் கொட்டு என்று எங்கள் அணி சொல்லவில்லை, முதலில் யோசி என்கிறது. முன்பக்கம் வலை வைத்து, மூன்று நான்கு விசிறிகளோடு, நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் அளவில் நல்ல கேபினட்டுகள் நம் சந்தையிலேயே கிடைக்கின்றன. கண்ணாடியையும் வண்ண விளக்கையும் விட்டுக்கொடுத்தால் இன்னும் இறங்கும். முதலிலேயே அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறவன் ஏமாறமாட்டான்.

அந்தப் பணம் எத்தனை ஆண்டுக்கு உழைக்கும் தெரியுமா? இன்டெல்லின் சாக்கெட்டைப் பாருங்கள். 2020இல் எல்ஜிஏ 1200. 2021இல் 1700. 2024இல் 1851. ஒன்றில் பொருந்தும் பிராசசர் இன்னொன்றில் பொருந்தாது. ஆனால் ஏடிஎக்ஸ் அளவுமுறையை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது. திருகு போடும் துளைகள் முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கின்றன. இன்று வாங்கும் நல்ல கேபினட்டில் இன்னும் இரண்டு மூன்று தலைமுறை மதர்போர்டை மாட்டலாம். வசதி குறைந்த வீட்டுக்குப் பத்து ஆண்டு உழைக்கும் பொருள் லாபமா, சீக்கிரமே தூக்கிப் போடும் பொருள் லாபமா?

நிறைவாக, என் மனதுக்கு நெருக்கமான காரணம். ஒரு பிள்ளை கடையில் தயாராக இருக்கும் கணினியை விட்டுவிட்டு ஏன் தானே கட்டுகிறான்? கற்றுக்கொள்ள. நாளைக்குத் திறக்க, துடைக்க, ராம் சேர்க்க, பழுது பார்க்க. மெல்லிய தகடு வளைந்து, திருகுத் துளை பொருந்தாமல், மழுக்காத விளிம்பு விரலைக் கீறினால், முதல் நாளே அவனுக்கு வெறுப்பு வந்துவிடும். அதன்பின் திறக்கவே மாட்டான். மதர்போர்டுக்குப் பின்னால் ஒயர் ஓட இடம், ஏற்கெனவே பொருத்திய தாங்கிகள், கையாலேயே கழற்றும் திருகுகள், இவை உள்ள கேபினட் அவனை மறுபடியும் உள்ளே வா என்று அழைக்கும். பிராசசர் அவனுக்கு வேகம் கொடுக்கும். கேபினட்தான் அவன் கைக்குத் துணிச்சல் கொடுக்கும்.

ஆகவே நடுவர் அவர்களே, வெயிலையும் தூசியையும் தரையையும் எர்த்தையும் கணக்கில் எடுக்காமல் கட்டும் கணினி, விலைச்சீட்டுக்கு ஏற்ற கணினியாக இருக்கலாம், நம் வீட்டுக்கு ஏற்ற கணினி ஆகாது. முதல் கணினி கட்டப்போகும் பிள்ளைகள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். சிடிசி படியேறும் முன் ஒரு டேப்பை எடுத்து மேசைக்கு அடியில் அளந்து, அறையின் வெயிலைப் பார்த்து, பட்டியலின் முதல் வரியில் கேபினட் என்று எழுதச் சொல்லுங்கள். மிச்சக் காசு போதாது, முதல் யோசனையே கேபினட்டுக்கு வேண்டும் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.