பழம் பத்திரங்களில் மயக்கந் தருஞ் சொற்கள்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் இல்லங்களிற் பரண்மேற் கிடக்கும் பழம் பத்திரங்களை நாம் பொன்போற் காக்கின்றோம், படிப்பதோ அரிது. படிப்பினும், வழக்கொழிந்த சொற்களைப் பிறழக் கொள்வதால் விளையுந் தீங்கு பெரிது. எம் குடும்பத்தில் நிகழ்ந்ததொன்றையே சொல்லுகின்றோம்.

எம் பாட்டனார் பொது நிலத்தை விற்றுவிட்டார் என்று இளைய வழியினர் இரண்டு தலைமுறையாக எம் வீட்டு வாயிலை மிதித்திலர். அவர்கள் காட்டிய சான்று, ‘விபவ வருஷம் ஆவணி மாதம்’ எழுதிய பத்திரம். பாட்டனார் பெயர் அதில் உண்டு, விபவ வருஷம் 1928-இல் வந்தது, ஐயம் யாது?

ஆயினும், வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கொருமுறை மீள்வன. 1868-ம் விபவமே. அப்பத்திரத்தில் ‘பசலி 1278’ என்றும் இருந்தது. பசலி ஜூலை முதல் தேதியில் தொடங்குவது. டிசம்பர் வரை 590-ம், அதன்மேல் ஜூன் வரை 591-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆவணிக்கு 590 கூட்டினோம், 1868 வந்தது. எழுதிக்கொடுத்தவர் எம் பாட்டனார் அல்லர். எவர் பெயரை அவருக்கு இட்டனரோ அந்தப் பாட்டனார். இரு வழிக்கும் பொது மூதாதை!

அன்றியும், அது கிரயமன்று, ‘ஒத்தி’. அஃதாவது, கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக நிலத்தின் பலனை அனுபவிப்பது; முதலைச் செலுத்தினால் நிலம் மீளும். 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தமையால் மீட்கக் கூடவில்லை என்பது பிற்கணக்கொன்றால் விளங்கிற்று. அன்றிரவு இளைய வழிச் சிற்றப்பா எம் வீட்டில் உணவருந்தினார். அதனைக் காணப் பாட்டனார் இல்லை. பழி சுமந்தே மறைந்தார்.

இத்தகைய சொற்கள் இன்னும் பல. ‘ஷெ’ என்பது ஆள்பெயரன்று. ‘மேற்படி’ என்பதன் குறுக்கம். ‘மா’, ‘காணி’ என்பன நில அளவாகவும் வரும். பங்கு கூறுமிடத்து முறையே இருபதில் ஒன்றும், எண்பதில் ஒன்றுமாம். ‘நிதி நிக்ஷேபம்’ என்பது நிலத்துட் புதைந்த பொருள்மேல் உள்ள உரிமை.

ஆதலின், அன்பர்களே, பத்திரத்தின் ஒரு சொல்லைக் கொண்டு முன்னோர்மேற் குற்றஞ் சாற்றற்க. வருஷத்தைப் பசலியோடு ஒத்துப் பார்மின். முதியோர் உள்ளபோதே அவரருகிருந்து வாசித்துப் பொருளெழுதி வைம்மின். பங்காளிகள் இருவரும் ஒருங்கிருந்து வாசிப்பின், அதனினுஞ் சிறப்பு.