கார் பிழைத்தது
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நமது செயலாளர் போன் செய்து, "நீங்கதான் கார் பைத்தியமாச்சே, இந்தக் காலத்து செடான் கார்களைப் பற்றி ஒரு பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். பதினைந்து நிமிஷம் எனக்கு ஒரு கதவைப் பற்றிப் பேசவே பத்தாது. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

செடான் என்றால் மூன்று பெட்டி. முன்னால் இஞ்சின், நடுவில் மனுஷன், பின்னால் டிக்கி. நம் தலைமுறைக்கு அதன் மறுபெயர் அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற ஆங்கிலேயக் காரை வைத்து மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் செய்தார்கள். 2014 வரைக்கும் வந்தது. வேஷ்டி கட்டிய பெரியவர் தலை குனியாமல் ஏறலாம்; ஏறின பிறகு காலை நீட்டலாம். பின் சீட்டில் வெள்ளை டர்க்கி டவல் விரித்துவிட்டால் அது சிம்மாசனம்தான். இன்னொரு பக்கம் பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100-ன் வாரிசு. ஸ்டியரிங்கிலேயே கியர். முன் சீட்டில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர் என்று நாம் சினிமாவுக்குப் போனதை இங்கே மேடையில் இருக்கும் சிலர் மறுக்கமாட்டார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லணும். அந்த வண்டிகளோடு நாம் வாழ்ந்தது ஒரு தவம். காலையில் சோக் இழுக்கணும், பாயிண்ட் தேய்க்கணும், கார்புரேட்டர் ஊதணும். மலை ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும். பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு குடும்பமே மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடும். மழை பெய்தால் வெளியே ஒரு மழை, உள்ளே ஒரு மழை. கடலோர ஊர் என்றால் சில வருஷத்தில் தரை துருப்பிடித்து, காலடியில் ரோடு தெரியும். இன்றைய காரில் வெறும் பாடியை அப்படியே பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் பூச்சு ஏற வைக்கிறார்கள். கதவு இடுக்கில் விரல் வைத்துப் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை ஒரே இடைவெளி. தரத்தில் பழசு ஜெயிக்கும் என்று என்னால் வாதாட முடியாது.

எனக்குக் கோபம் வருவது வடிவமைப்பில்.

முதல் கோபம், கூரை. 2004-ல் மெர்சிடிஸ் சி.எல்.எஸ். என்ற கார் வந்தது. நான்கு கதவு, ஆனால் கூரை இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி பின்னால் வழிந்து இறங்கும். அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். அதைப் பார்த்து ஊரில் உள்ள செடான் எல்லாம் கூரையைச் சரிக்க ஆரம்பித்தது. விளைவு? என் அம்மா பின் சீட்டில் ஏறும்போது ஒரு தடவையாவது தலையை இடித்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. "ஏண்டா, இவ்வளவு காசு கொடுத்து குனிஞ்சுதான் போகணுமா?" என்று கேட்டார். பதில் இல்லை.

இரண்டாவது, வெட்டின டிக்கி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய இஞ்சின் கார்களுக்கு கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. உடனே நம் ஆட்கள் கையில் டேப் எடுத்தார்கள். 2008-ல் வந்த முதல் டிசையர் நான்கு மீட்டரைத் தாண்டிய வண்டி. 2012-ல் வந்த அடுத்தது 3,995 மில்லிமீட்டர்! டிக்கியை வெட்டி ஒட்டியாச்சு. ஒரு காரின் பின்பக்கத்தை டிசைனர் வரையாமல் வரி அதிகாரி வரைந்த கதை உலகத்தில் வேறு எங்கு உண்டு என்று எனக்குத் தெரியாது. பிறகு வந்தவை பார்க்க லட்சணமாகிவிட்டன. ஆனால் அந்த நான்கு மீட்டர் கோடு இன்னும் அழியவில்லை.

மூன்றாவது, டச் ஸ்கிரீன். போன மே மாதம் திருச்சிக்குப் போகும் வழியில் என் காரின் திரை கறுத்துப் போயிற்று. ஏ.சி.யின் கட்டுப்பாடு அத்தனையும் அதற்குள். ஜன்னலை இறக்கிவிட்டு அனல் காற்றில் போய்ச் சேர்ந்தோம். சர்வீஸ் சென்டரில், "சார், ரிப்பேர் கிடையாது, முழு யூனிட்டும் மாத்தணும்" என்றார்கள். அந்தக் காலத்தில் ஒரு திருகு விசை கெட்டால் எட்டணா ஸ்பிரிங் போதும். அது போகட்டும், இருட்டில், எண்பது கிலோமீட்டர் வேகத்தில், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் கை தானாகப் போய்த் தொடுகிற குமிழை எடுத்துவிட்டு வழவழப்பான கண்ணாடி வைப்பது என்ன புத்திசாலித்தனம்? யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனி விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதி செய்திருக்கிறது. என் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.

நான்காவதாக, முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள். பனை மரம் மாதிரி தடித்துவிட்டன. திரும்பும்போது ஒரு மோட்டார் சைக்கிளே அதன் பின்னால் மறைந்துவிடுகிறது. இதைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது திட்டுவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1983-ல் நம் வகுப்புத் தோழன் ஒருவன் திண்டிவனம் பக்கத்தில் லாரியில் மோதி இறந்தான். பெயர் சொல்லமாட்டேன், என் வகுப்பினருக்குத் தெரியும். அன்றைய குரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்பான். நானும் இன்னும் இருவரும் போனோம். ஸ்டேஷன் வாசலில் அவன் கார் நின்றது. பம்பர் வளைந்து, பானெட் கொஞ்சம் மடங்கியிருந்தது, அவ்வளவுதான். "என்ன இரும்புடா!" என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். அந்த வண்டியை டிங்கர் வேலை பார்த்து, பட்டி போட்டு, பெயிண்ட் அடித்து இன்னொருவர் பத்து வருஷம் ஓட்டினார். கார் பிழைத்தது. ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் இடித்து அவன் போய்விட்டான்.

இஞ்சினியரிங் படித்த எனக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வெகு காலம் ஆயிற்று. மாணவர்களே, நீங்கள் இப்போதே போடுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 13.9 மீட்டர். முன்பக்கம் மடங்காமல் 10 சென்டிமீட்டரில் நின்றால் சுமார் 98 ஜி. முன்பக்கம் நசுங்கி 60 சென்டிமீட்டரில் நின்றால் சுமார் 16 ஜி. தகடு நசுங்கி, நிற்கும் தூரத்தை நீட்டுவதால்தான் இவ்வளவு குறைகிறது. பேலா பரேனி என்ற மெர்சிடிஸ் இஞ்சினியர் 1950-களின் தொடக்கத்திலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். வால்வோவின் நில்ஸ் போலின் 1959-ல் மூன்று முனை பெல்ட்டைக் கொடுத்தார். நசுங்குகிற முன்பக்கம், நசுங்காத நடுக்கூடு, ஆளைப் பிடித்து வைக்கும் பெல்ட், மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டு. இவ்வளவுதான் சூத்திரம். அந்தத் தடித்த தூண்கள் நடுக்கூட்டின் தூண்கள்.

நம்பாதவர்களுக்கு ஒரு சாட்சி. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் ஆய்வு நிறுவனம், 2009-ல் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு இரண்டு செவர்லே செடான்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று கப்பல் மாதிரி நீளமான 1959 பெல் ஏர். மற்றது 2009 மாலிபு. பெல் ஏரில் ஓட்டுநர் இடம் உள்ளே நொறுங்கியது. நிஜ ஆளாக இருந்தால் பிழைத்திருக்கமாட்டார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் காயத்தோடு போயிருக்கும்.

நம் நாட்டிலும் மாறியிருக்கிறது. 2014-ல் குளோபல் என்கேப் இங்கே விற்ற ஐந்து சிறிய கார்களை, ஏர்பேக் இல்லாத மாடல்களை, மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம். 2023-ல் ஸ்லாவியா, விர்ட்டஸ், வெர்னா, 2024-ல் டிசையர் என்று செடான்கள் வரிசையாக ஐந்து நட்சத்திரம் வாங்கின. தட்டிப் பார்த்து "தகரம் மாதிரி இருக்கே" என்கிறோமே, அந்தத் தகரம்தான். தட்டிப் பார்ப்பதற்கு இருக்கும் தகடு வேறு, உள்ளே எலும்பாக இருக்கும் உயர்தர எஃகு வேறு.

ஆகவே என் தீர்ப்பு இது. இன்றைய செடானின் உடம்பு நல்ல உடம்பு. கூரையும் திரையும் கெட்ட சகவாசம். நாளை கார் வரையப்போகும் மாணவ மாணவியரே, வரைபடத்தை முடிக்குமுன் உங்கள் பாட்டியை ஒரு தடவை பின் சீட்டில் ஏறச் சொல்லிப் பாருங்கள். ஒரு குமிழாவது விட்டு வையுங்கள்.

நண்பர்களே, கடைசியாக ஒன்று. மதியம் நீங்கள் வந்து இறங்கும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். பின் சீட்டில் வந்தவர்களில் பெல்ட் போட்டிருந்தவர் ஒருவர் கூட இல்லை. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். சட்டத்துக்காக வேண்டாம். குரூப் போட்டோவின் இரண்டாவது வரிசைக்காகப் போடுங்கள். ராத்திரி நெடுஞ்சாலையில் போகிறீர்கள். அடுத்த சந்திப்பிலும் எல்லோரையும் எண்ணிப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

சாப்பாடு தயார் என்று செயலாளர் கை காட்டுகிறார்.