கொடுத்தபின் கலங்காதிருக்க



இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் முதியோர் பலருக்குச் சொத்து என்பது ஒரே ஒரு வீடுதான். துறைமுகத்தில் சுமை தூக்கியும், ஆலைகளில் இரவுப் பணி பார்த்தும் சேர்த்த பணத்தில் எழுந்த வீடு அது. 'எல்லாம் பிள்ளைக்குத்தானே' என்று அதனைத் தான செட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். பத்திரம் பதிவானபின் அவ்வீட்டில் அவர்கள் உரிமையாளர் அல்லர். பிள்ளையின் தயவில் வாழ்வோர்.

இந்நிலையை எண்ணியே 2007ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையுடன் 60 வயது கடந்த ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் பேணத் தவறினால், அப்பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கத் தீர்ப்பாயத்துக்கு இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

'நிபந்தனையுடன்' என்னும் சொல்லே இங்கு உயிரானது. பேண வேண்டும் என்னும் நிபந்தனை இருந்ததாக மெய்ப்பிக்கப்படாவிடில் இப்பிரிவு பயன்படாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இச்சட்டத்தை முதியோர்க்குச் சார்பாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. மகனுக்கு எழுதிய தானப் பத்திரத்தை நீக்கி, வீட்டைத் தாயிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. இறுதிவரை பேணுவதாக மகன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அங்கே தாய்க்குத் துணை நின்றது.

ஆகவே, எழுதிக் கொடுப்போர் மூன்றை நினைவிற் கொள்ளல் நன்று. உணவு, உறைவிடம், மருத்துவம் அளித்துப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுக. ஆயுள் உள்ளவரை அவ்வீட்டில் வாழும் உரிமையைத் தமக்கென நிறுத்திக்கொள்க. இவ்விரண்டிற்கும் மனம் ஒப்பாவிடில், உயில் எழுதுக. உயிருள்ளவரை அதனை மாற்றிக்கொள்ளலாம்.

'இவ்வாறு எழுதினால் பிள்ளை மனம் நோகாதா?' என்று தாய்மார் தயங்குவர். பேணும் எண்ணமுள்ள பிள்ளைக்கு அந்த ஒரு வரி பாரமாகாது. பாரமாகத் தோன்றினால், கையொப்பமிடுமுன் அதனை அறிந்தது நன்மையே.

முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டுத் துன்புறுவோரும் சோர்ந்துவிட வேண்டா. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில், வழக்கறிஞர் இன்றியே மனுக் கொடுக்கலாம். இயலாதவர் சார்பில், அவர் அதிகாரமளித்த பிறரோ அமைப்போ கொடுக்கலாம். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்வரை பராமரிப்புத் தொகை கோரவும் வழியுண்டு. முதியோரைக் கைவிடுதல் மூன்று மாதம்வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதியோர் உதவி எண் 14567.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை ஆன்றோர் வகுத்தனர். அவற்றுள் அபயம் என்பது அஞ்சாமல் வாழச் செய்வது. அண்டை வீட்டு முதியவர்க்கு ஒரு மனு எழுதித் தருவதும், அலுவலகம்வரை உடன் செல்வதும் அத்தானமே. படித்த இளைஞர் ஒவ்வொருவரும் இவ்விழா நாளில் ஒரு முதியவர்க்கேனும் அத்துணையை ஏற்பாராக.