நான் ஏன் வரலாற்றைத் தெரிந்தேன்?
(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவியான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"வரலாறு படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" என்று இன்று காலையும் இருவர் கேட்டுவிட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏன் படிக்கிறேன் என்பதற்கு மட்டும் உண்டு.

பத்தாம் ஆண்டில், 1931இல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் இலங்கையில் 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்ததென்று படித்தோம். அன்றிரவு அதை விறாந்தையில் இருந்து பாடமாக்கிக்கொண்டிருந்தேன். பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மம்மா சொன்னார்: "எங்கட அம்மா முதன்முதல் வோட்டுப் போடேக்க நான் வயித்துக்குள்ள. நிறம் பாத்துப் பெட்டிக்குள்ள போட்டவவாம். எந்த நிறமெண்டு அப்புவுக்கே சொல்லேல்லை."

அம்மம்மா பிறந்தது 1934இல். நான் உடனே கணக்குப் பார்த்தேன். "இல்லை அம்மம்மா, புத்தகத்தில 1931 எண்டுதான் கிடக்கு. நீங்கள் மாறிச் சொல்லுறீங்கள்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப புத்தகம்தான் சரியாயிருக்கும் பிள்ளை" என்றார். பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவேயில்லை. எனக்கோ பெரிய வெற்றி!

பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் புவியியலைச் சிறப்புப் பாடமாக எடுப்பதாகத்தான் இருந்தேன். அம்மம்மாவின் அந்தியேட்டி முடிந்து திரும்பிய கிழமை, ஒரு கட்டுரைக்காக நூலகத்தில் அரசாங்க சபைத் தேர்தல்களைப் பற்றி வாசித்தேன். டொனமூர் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவருமே வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த இடங்களுக்கு 1934இல்தான் தேர்தல் நடந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் பருத்தித்துறைக்கு வந்தது அப்போதுதான்.

அம்மம்மா சொன்னது சரி. புத்தகமும் பிழையில்லை, அது நாடு முழுவதையும் சொன்னது. வடமராட்சியில் ஒரு கர்ப்பிணிப் பெண் உரிமை கிடைத்தும் மூன்று வருடம் காத்திருந்ததைச் சொல்ல அதில் இடமிருக்கவில்லை. பகிஷ்கரிப்பு நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் வாதாடலாம். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா என்பதுதான் என்னுடைய கேள்வி. அடுத்த நாளே வரலாற்றுச் சிறப்புக் கற்கைக்கு விண்ணப்பம் எழுதினேன். அம்மம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் வழியில்லை.

இதை இங்கே சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பாடசாலையின் பழைய சம்பவத்திரட்டுப் புத்தகங்களும் சேர்வு இடாப்புகளும் 1987 வடமராட்சி இராணுவ நடவடிக்கையோடு போய்விட்டன. மலர்க் குழுவினர் 1940களில் விடுதியில் இருந்தவர்களின் பெயர்களைத் தேடி அலைந்ததை நான் பார்த்தேன். அந்த இடாப்பு இப்போது முன்வரிசையில் இருக்கிற சில அக்காமாரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. "எனக்குச் சரியா ஞாபகமில்லை, நான் மாறிச் சொல்லுவன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மாறியே சொல்லுங்கள். சரிபார்ப்பது எங்கள் வேலை.

ஒலிப்பதிவுக் கருவி கொண்டுவந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடைசி பஸ் வரும்வரை நூலக அறையில் இருப்பேன். தேநீரும் உண்டு.