காலை எடுத்தும் நிற்காத மெஷின்

 

வீட்டில் பொழுதுபோக்காகத் தைக்கும் சகோதரி ஒருவர் நம்மிடம் கொண்டுவந்த பழைய மோட்டார் தையல் மெஷின், பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் ஓடியது. ஊசிக்குக் கீழே விரல் இருந்திருந்தால்? மோட்டாரையே மாற்றவேண்டும் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தோம். மோட்டார் நன்றாகவே இருந்தது. பெடலுக்குள் இருக்கும் சுவிட்சின் தொடுமுனைகள்தான் பொறி பட்டுப் பட்டுக் கருகி, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

பிளக்கைப் பிடுங்காமல் பெடலைத் திறக்காதீர்கள். உள்ளே வருவது 230 வோல்ட். கெபாசிட்டர் இருந்தால், பிடுங்கிய பிறகும் அதைக் கையால் தொடாதீர்கள்.

லேசான கரி என்றால் கான்டாக்ட் கிளீனரும் துணியும் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதை நாமும் முன்பு செய்தவர்கள்தான். மேல்பூச்சு போய், சீக்கிரமே மறுபடி கருகிவிடுகிறது. குழி விழுந்திருந்தால் சுவிட்சையே மாற்றுங்கள். பழையதில் எழுதியுள்ள ஆம்பியர், வோல்ட்டுக்குக் குறையாததாக வாங்கவேண்டும். வயரைக் கழற்றுமுன் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எது எங்கே என்று பிறகு தடுமாற வேண்டாம்.

சரிசெய்யும்வரை அந்த மெஷினில் தைக்கவே வேண்டாம். நல்ல மெஷினிலும் ஊசியில் நூல் கோக்குமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள்.