கிரியையில் தெரியும் அன்பு
(நூற்றாண்டு நன்றி ஆராதனையைத் தொடர்ந்து நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நாம் மனனம் செய்த வேதவசனங்களிற் பல இன்று மறந்துபோயின. ஆயினும் யாக்கோபின் நிருபம் எழுப்பும் ஒரு கேள்வி மறக்கவில்லை. பசியோடு நிற்பவரை நல்வார்த்தை சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட்டால், அந்த வார்த்தையால் யாருக்கு என்ன பயன்? நூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கும் எமது சங்கமும் இன்று தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே.

எமது மண்ணில் இக்கேள்விக்குச் செயலால் பதில் சொன்னவர்கள் இருந்திருக்கிறார்கள். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக இங்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நின்றுவிடவில்லை. தாம் போன பின்பும் வைத்தியம் இங்கே நிலைக்க வேண்டுமென்று எமது இளைஞரை வைத்தியர்களாகப் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்தார். அதற்கென ‘இரண வைத்தியம்’ 1867 இலும் ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இலும் தமிழில் வெளிவந்தன. ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் தமிழ்ச் சொல் தேடி இரவிரவாக விழித்திருப்பதும் அன்பின் ஒரு வடிவந்தான். வைத்தியம் படித்த எமக்கு அந்த உழைப்பின் பாரம் நன்றாகவே விளங்குகிறது.

இணுவிலில் 1898 இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வைத்தியசாலை திறக்கப்பட்டதன் காரணமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட அக்காலப் பெண்கள் கூசினார்கள். அந்தக் கூச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டு இருந்துவிடவில்லை. இசபெல்லா கேர் போன்ற பெண் வைத்தியர்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். தடை எங்கே இருக்கிறதென்று பார்த்து அதை அகற்றுவதே உதவி.

இவற்றை நாம் புத்தகத்தில் படிக்கும் முன்பே ஓர் ஆசிரியையிடம் கண்டோம். தொண்ணூறுகளின் தொடக்கம், பொருளாதாரத் தடைக் காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தல் விளக்கில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தோம். எம் வகுப்பில் ஒருத்தியின் வீட்டில் அதற்கும் வழியில்லை. நாமோ அவளுக்காக இடைவேளைகளில் கூடி உருக்கமாக ஜெபித்தோம். கணித ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. “பின்னேரத்தில நாலு பேரும் வீட்டை வாங்கோ, கணக்குச் செய்வம்” என்றார். ஒரே விளக்கைச் சுற்றி நாம் இருந்தோம். தொடங்குமுன் ஆளுக்கொரு தட்டிற் பிட்டு வரும். அவள் ஒருத்திக்காகவே எம் மூவரையும் சேர்த்து அழைத்தார் என்பது எமக்கு விளங்கப் பல ஆண்டுகள் சென்றன. அவள் கூச்சப்படாமற் சாப்பிட வேண்டும் என்பதையும் அவர் எண்ணியிருந்தார்.

இனிச் சொல்வது எமது குற்றம். ரீச்சரின் பிள்ளைகளும் அனுமதி தந்ததாற் சொல்கிறோம்.

அந்த ரீச்சர் இப்போது எண்பதைக் கடந்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில். எமது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், சனிக்கிழமை தோறும் சூமில் நடக்கும் ஜெபத்தில், அவரது பெயரைத் தவறாமற் சொன்னோம். ஒருநாள் நாம் கடமையிலிருந்த வாட்டுக்குப் பாரிசவாதத்தோடு ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். பதிவில் பெயரைப் பார்த்ததும் கை நடுங்கியது. கிளினிக் கொப்பியைப் புரட்டினால், எட்டு மாதமாக அவர் கிளினிக்குக்கு வந்திருக்கவில்லை. உயர் குருதி அமுக்கத்துக்குப் பெரும்பாலும் நோ இல்லை. ஆகவே குளிசை முடிந்ததை உடம்பு அறிவிக்கவும் இல்லை.

பணத்துக்குக் குறைவில்லை; பிள்ளைகள் ஒழுங்காக அனுப்பினார்கள். அரசாங்க கிளினிக்கில் மருந்து இலவசம். குறைந்தது ஒன்றுதான்: காலையில் ஓட்டோவில் பக்கத்தில் இருந்து, இலக்கம் கூப்பிடும்வரை வாங்கிலில் காத்திருக்க ஓர் ஆள். எம்மில் ஐந்து பேர் அவர் வீட்டிலிருந்து இரண்டு மைலுக்குள் இருக்கிறோம்.

பேச்சு ஓரளவு திரும்பியபோது கேட்டோம், “ஏன் ரீச்சர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?” “உங்களுக்கெல்லாம் எவ்வளவு வேலை பிள்ளை. கரைச்சல் தரக்கூடாதெண்டு இருந்திட்டன்” என்றார். நாம் அவர் வீட்டில் பிட்டுச் சாப்பிட்ட காலத்தில், அவர் நாம் கேட்கும்வரை காத்திருக்கவில்லை.

ஜெபம் வீண் என்று நாம் சொல்லவில்லை. ஆமென் சொன்ன பின் எழுந்து போகாததே எமது பிழை.

ஆகவே இந்த நூற்றாண்டில் ஒரு சிறிய வேலையைக் கேட்கிறோம். தனித்து வாழும் எமது ஆசிரியைகள், விடுதிப் பணியாளர்கள், மூத்த மாணவிகள் ஆகியோரின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்போம். ஒவ்வொருவரின் கிளினிக் நாளுக்கு நேரே ஊரில் இருக்கும் ஒருத்தியின் பெயர் எழுதப்படட்டும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை தொலைபேசி எடுங்கள். “சுகமா இருக்கிறீங்களோ?” என்று மட்டும் கேட்டால் “ஓம், சுகம்” என்றே பதில் வரும். குளிசை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, நேற்றிரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதிலை ஊரில் இருப்பவளுக்கு அன்றே சொல்லுங்கள்.

இந்தப் பட்டியலில் சமய வேறுபாடு வேண்டாம். எம்மோடு ஒரே வாங்கிலில் இருந்து படித்த சைவச் சகோதரிகள் இதில் எமக்கு முன்னே நிற்பார்கள் என்பதும் தெரியும். இயேசு சொன்ன கதையில் அடிபட்டவனைத் தூக்கி, காயம் கட்டி, சத்திரச் செலவையும் ஏற்றவன் அயலானாகிய சமாரியன் அல்லவா? அவன் அந்த வழியில் பிரசங்கம் எதுவும் செய்ததாகக் கதையில் இல்லை.

ரீச்சர் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறார். அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. அந்த நாளுக்கு நேரே எமது பெயரை எழுதிவிட்டோம். மற்ற நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. பட்டியல் வாசலில் மேசையில் இருக்கிறது, பேனையும் வைத்திருக்கிறோம்.

இறைவன் எம் எல்லோரையும் பயன்படுத்துவாராக.